நரிக்கல் கூட்ரோட்டில் நின்றவள்

அம்சவேணி ஷூ கம்பெனியில் உட்கார்ந்து மேல்தோல் தைத்துக்கொண்டிருந்த அதே பகல்பொழுதில் நரிக்கல் கூட்ரோட்டுப் பேருந்து நிறுத்தத்திலும் நின்றுகொண்டிருந்தாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது அவள் புருஷன் தணிகைவேல்தான். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் அந்த ஊரில் அவளைத் தேடிக்கொண்டே இருந்தவன் அவன் ஒருவன்தான். காலையில் கம்பெனி வேன் வந்தது, அவள் ஏறினாள், வேன் போனது, அவள் நின்றாள். அதே கிளிப்பச்சைப் புடவை, இடது தோளில் அதே சாப்பாட்டுப் பை, விடிகாலையில் வைத்த கனகாம்பரம் இப்போதுதான் வைத்த மாதிரி வாடாமல், கண் மட்டும் கிருஷ்ணகிரி போகும் ரோட்டைப் பார்த்தபடி.

தணிகைவேல் கூட்ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தான். கை சுத்தமான வேலைக்காரன். அவன் போட்ட தையலைப் பிரிப்பதைவிட ரெக்ஸினைக் கிழிப்பது சுலபம் என்பார்கள். சந்தேகம் அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்த வியாதி. அம்சவேணி வந்த பிறகு அந்த வியாதிக்கு ஒரு முகம் கிடைத்தது, அவ்வளவுதான். ஓவர்டைம் இருக்கிறது என்று சொல்ல சூப்பர்வைசர் ஒருநாள் போன் செய்தபோது அவளுடைய போனைப் பிடுங்கி அம்மிக்கல்லில் வைத்து நசுக்கினான். பேசவும் பேச்சைக் கேட்கவும் மட்டும் ஆகும் பட்டன் போன் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். அதற்கும் மனசு ஆறாமல், சாவி தொலைப்பவர்களும் பெட்டி தொலைப்பவர்களும் வாங்குகிற வெள்ளை வில்லை ஒன்றைத் தபாலில் வரவழைத்து, அவள் தூங்கும்போது சாப்பாட்டுப் பையின் கைப்பிடியைப் பிரித்து, ஸ்பாஞ்சுக்கு நடுவே அதை வைத்து, பிரித்த தடம் தெரியாமல் தைத்து மூடினான்.

அந்த வில்லைக்குத் தானாக எதுவும் தெரியாது. அதற்கு வழி தெரியாது, ஊர் தெரியாது, தான் எங்கே இருக்கிறோம் என்பதும் தெரியாது. பக்கத்தில் போகிறவன் வருகிறவன் சட்டைப்பையில் இருக்கும் போனிடம், நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்; அந்த போன், தன்னை வைத்திருப்பவனுக்கே தெரியாமல், இதை இந்த இடத்தில் பார்த்தேன் என்று எங்கேயோ போய்ச் சொல்லிவிடும்; அந்தச் சேதி சுற்றிச் சுற்றித் தணிகைவேலின் கைக்கு ஒரு பச்சைப் புள்ளியாக வந்து சேரும். யாரும் அருகில் வராவிட்டால் கடைசியாக எவனோ பார்த்த இடத்திலேயே புள்ளி நின்றுவிடும். வெளிநாட்டுக்குப் போகும் செருப்பு மாடல்களை யாரும் படம் பிடித்துவிடக் கூடாது என்று, வேனில் ஏறும்போதே எல்லாருடைய போனையும் அணைத்து ஒரு துணிப்பையில் போட்டுவிட வேண்டும் என்பது கம்பெனி வைத்த சட்டம். அதனால் பகல் முழுக்கப் புள்ளி கூட்ரோட்டை விட்டு நகரவில்லை. புள்ளி நகரவில்லை, அவளும் நகரவில்லை.

முதல் நாள் மத்தியானம் தணிகைவேல் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு பைக்கில் வந்து அவளெதிரே நின்றான்.

"யாருக்குடி நிக்கற?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தான். கை சூடாகத்தான் இருந்தது, ஆனால் நட்டு வைத்த கல்லை இழுப்பதுபோல் அவள் அசையவில்லை. எதிரே டீக்கடை வைத்திருந்த பாண்டுரங்கன், "காலையிலருந்து அப்படியேதாம்பா நிக்குது. பாவமேன்னு டீ குட்த்தேன், கை நீட்டல" என்றான். தணிகைவேல் அங்கிருந்து கம்பெனிக்குப் போய் வாட்ச்மேனிடம் சண்டை போட்டான். உள்ளே ஆள் அனுப்பிப் பார்த்த வாட்ச்மேன், உன் சம்சாரம் மெஷின்ல உக்காந்து தச்சிட்டு இருக்குது, நீ போ என்றான். திரும்பி வந்து பார்த்தான். இங்கேயும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் வேன் வந்து இறக்கிவிட்டபோது அம்சவேணியும் அவளைப் பார்த்தாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இல்லை; கண்ணாடியில் இருப்பவள் நாம் பார்த்தால் பார்ப்பாள், இவள் பார்க்கவில்லை. கூட வந்த பெண்கள் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் உலை வைக்க வேண்டுமே என்று அவரவர் தெருவுக்குப் போனார்கள். பக்கத்து வீட்டு மெஹருன்னிசா மட்டும் கூட இருந்தாள். அம்சவேணி நின்றவளின் அருகே போய், அவள் தோளிலிருந்து சரிந்திருந்த முந்தானையை இழுத்துச் சரி செய்தாள். தன் கழுத்தின் பின்பக்கம் அவ்வளவு ஒல்லியாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"அங்க நின்னது யாரு?" என்றான் தணிகைவேல், வீட்டுக்குள் கால் வைத்ததும்.

"நான்தாங்க. ஆனா நான் கம்பெனியிலதான் இருந்தேன்."

"அப்ப அவ யாருக்கு நிக்கறா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"உனக்குத் தெரியாம உனக்குள்ள எவன்டி இருக்கான்?" என்று கேட்டவன், அன்று ராத்திரி அவளை அடித்த அடியில் ஒரு விஷயத்தைத் தனக்குள் முடிவு செய்துகொண்டான்: வீட்டில் சோறு பொங்கிப் போடுகிறவள் பொய், ரோட்டைப் பார்த்து நிற்கிறவள்தான் நெசம்.

ஊர் அவளைப் பழகிக்கொண்டது. மழை வந்தால் மழை, வெயில் வந்தால் வெயில் என்று பழகிய ஊருக்கு ஒரு பெண்பிள்ளை நிற்பதைப் பழகுவதா பெரிய காரியம். வேன் போகும் ஒவ்வொரு காலையும் ஒருத்தி நின்றாள். பழையவள் சலவையில் தேய்ந்த புடவைபோல் மெல்ல மெல்ல நைந்து, பின்னாலிருக்கும் போஸ்டர் அவள் வழியாகத் தெரியும் அளவுக்கு மெலிந்து, நல்ல மழை ஒன்று பெய்தால் கரைந்து போனாள். சில வாரங்களில் இரண்டு மூன்று பேர் வயசு வாரியாக நிற்கும் அக்கா தங்கைகள்போல் வரிசையாக நின்றார்கள். ஒருதரம் புள்ளி நின்றுவிட்ட ரேஷன் கடையிலும் ஒருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் நிற்பவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள், அவள் சண்டைக்கு வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் இடத்தில் ஒருத்தி நின்றாள். எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்பது ஊருக்கே தெரியும், யாரும் கேட்கவில்லை. கூட்ரோட்டில் நின்றவளின் காலடியில் வெளியூர் போகிறவர்கள் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள், திருட்டு பயம் இல்லாமல் இருந்தது. பூ விற்கிறவள் வெயில் நேரத்தில் அவள் நிழலில் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டாள். தேர்தல் வந்தபோது எவனோ அவள் தோளில் ஒரு கட்சித் துண்டைப் போட, மறுநாள் எதிர்க்கட்சிக்காரன் தன் துண்டையும் போட்டான். புரட்டாசியில் சில பெண்கள் அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் பேரைச் சொல்வது மெதுவாக நின்றுபோய், 'நின்னவ' என்பது பேராயிற்று.

தணிகைவேல் நின்னவளை முதல் தடவை அறைந்தபோது ஊர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாண்டுரங்கன் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்தான், ஆட்டோக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள், பூக்காரி மண்ணை வாரித் தூற்றினாள். ஆனால் அறைந்த கன்னத்தில் விரல் பதியவில்லை. ரத்தம் வரவில்லை. அழுத்திவிட்டால் திரும்ப எழும்பும் ஸ்பாஞ்சுபோல் கன்னம் திரும்ப எழும்பியது, கண் ரோட்டிலிருந்து நகரவில்லை, வாயிலிருந்து ஒரு முனகல் இல்லை. பிடித்த கையைப் பாண்டுரங்கன் விட்டான். ஸ்டேஷனில் போய்ச் சொன்னார்கள், வந்து பார்த்த ஏட்டய்யா, "அடிபட்டவ கம்ப்ளைண்ட் குடுக்கணும். குடுக்கறியாம்மான்னா பேச மாட்டேங்குது. வீட்ல இருக்கறவ குடுக்கலாம்னா, அவ மேல அடி விழல. நான் இன்னா எழுதறது?" என்று கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அது சாயங்காலத்து வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கடையைச் சாத்திவிட்டு தணிகைவேல் வருவான், போனை எடுத்துப் புள்ளியைப் பார்ப்பான், யாருக்குடி நிக்கற என்று கேட்பான், அடிப்பான், கை ஓய்ந்ததும் பாண்டுரங்கனிடம் வந்து ஒரு டீ குடிப்பான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பேப்பரை மடித்து அவனுக்கு இடம் விடுவார்கள். "அடிச்சிட்டுப் போறான், அதுக்கு வலிக்கவா போவுது? வீட்ல இருக்கற பொண்ணு தப்பிச்சிதே, அத்தப் பாரு" என்றார்கள். இதில் நியாயம் இருப்பதாகத்தான் எல்லாருக்கும் பட்டது.

அம்சவேணிக்கும் பட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தணிகைவேல் ரோட்டிலேயே கோபத்தைத் தீர்த்துக்கொண்டு வந்ததால் வீட்டில் சத்தமில்லாத ராத்திரிகள் வந்தன. உடம்பிலிருந்த காயங்கள் ஒவ்வொன்றாகப் பழுத்து, மஞ்சளாகி, மறைந்தன. கல்யாணமான பிறகு முதல் தடவையாக இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து விடியும்வரை தூங்கினாள். வேன் இறங்கும்போது சில நாள் அடி விழுந்துகொண்டிருக்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, வேகமாக நடந்து போய்விடுவாள். முதுகுக்குப் பின்னால் கேட்கும் சத்தம் மட்டும், ஈரத்தோலைக் கல்லில் அடிக்கிற மாதிரி, தெரு முனை வரைக்கும் கூடவே வரும்.

ஆனால் வலிக்காதவளை எத்தனை நாள் அடிக்க முடியும்? ஐப்பசி பிறந்த சமயத்தில் தணிகைவேல் ஒருநாள் டீ குடிக்காமல் நேராக வீட்டுக்கு வந்தான். கைமுட்டி வீங்கியிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவளையே வெகுநேரம் பார்த்தான்.

"அவ கண்ணுல பயமே இல்ல" என்றான். "எப்படி அடிச்சாலும் பயமே வரல. நீதான் அவளுக்குக் கத்துக் குடுத்திருக்கற."

"நான் இன்னாங்க கத்துக்குடுப்பேன்?"

"ஒருநாள் அவளைக் கொளுத்திடறேன். எரியலன்னா, எரியறவளைக் கொளுத்தறேன்."

இதையே அவன் டீக்கடையிலும் சொன்னான். நின்னவளைத்தானே சொல்கிறான் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒருவர், "பெட்ரோல் விக்கற வெலையில உனக்கு ஏம்பா இந்த வேலை" என்றுகூடக் கிண்டல் செய்தார்.

வில்லையைக் கண்டுபிடித்தது மெஹருன்னிசா. அம்சவேணிக்கு மூத்தவள், அதே லைனில் ஓரம் மடித்து ஒட்டும் வேலை, புருஷன் சவூதியில். வேன் இறங்கி இருவரும் ஒன்றாகத்தான் தெருவுக்கு நடப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகத்தான் சந்தைக்குப் போவார்கள். அவளுடைய போனில் ஒரு தகவல் வந்துகொண்டே இருந்தது: உங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு பொருள் உங்களோடு பயணிக்கிறது. மெஹருன்னிசா பயந்து போய் பர்தாவை உதறினாள், செருப்பை வெட்டிப் பார்த்தாள், புருஷன் அனுப்பிய அத்தர் புட்டியைக்கூட உடைத்துப் பார்த்தாள். அதை ஒலிக்க வைக்கலாம் என்று போன் சொன்னது. வைத்தாள். சந்தை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை, ரோட்டில் லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அம்சவேணியிடம் தகவல் சொல்லும் போன் எதுவும் கிடையாது, பட்டன் போனுக்கு இதெல்லாம் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஹருன்னிசா வீட்டு அடுப்படியில் இருவரும் மாவரைத்துக்கொண்டிருந்தபோது கரெண்ட் போயிற்று. கிரைண்டர் நின்று, மின்விசிறி நின்று, தெருவே அடங்கிய அந்த நிசப்தத்தில் மெஹருன்னிசா இன்னொரு தடவை போனைத் தொட்டாள். ஆணியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையிலிருந்து பல்லி சொல்வதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"பல்லிதான்க்கா" என்றாள் அம்சவேணி.

"இல்லடி. சும்மா இரு." மறுபடியும் தொட்டாள். மறுபடியும் பல்லி சொன்னது.

அம்சவேணி பையை மடியில் வைத்துக் கைப்பிடியைத் திருப்பினாள். இரட்டை நூல், நாலு தையலுக்கு ஒரு முடிச்சு, முடிச்சு வெளியே தெரியாமல் உள்பக்கம் இழுத்து இறுக்கியது. தினமும் தையலிலேயே வாழ்கிறவளுக்கு யாருடைய கை அது என்று ஒரு நொடியில் தெரிந்தது. பிளேடால் அறுத்தாள். வெள்ளை வில்லை அவள் உள்ளங்கையில் விழுந்தது.

மெஹருன்னிசா அதையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "யா அல்லா. இத்தினி நாளா என் போன்தான் உன்னைக் காட்டிக் குடுத்துகினு இருந்திருக்கு."

"உன்னுது மட்டுமாக்கா? ஊரு போன் பூராவும்தான்."

"அடுப்புல போடு, சனியன."

"போட்டா புள்ளி நின்னுடும், அவருக்குத் தெரிஞ்சிடும். அது மட்டுமில்ல, இது இல்லன்னா அங்க நிக்கறவ நிக்க மாட்டா. அவ நிக்கலன்னா அவரு கைக்கு நான்தான் மிச்சம்." சொல்லிவிட்டு அவள் வில்லையை உள்ளங்கைக்குள் மூடினாள். "எம்மா நாளா அவள அடிக்க விட்டுட்டு நான் தூங்கிகினு இருந்தேன்க்கா."

மெஹருன்னிசா அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கரெண்ட் வந்து கிரைண்டர் தானாகச் சுற்ற ஆரம்பித்தபோதுதான் இருவரும் எழுந்தார்கள். ஓசூரில் மெஹருன்னிசாவின் நாத்தனார் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் செய்தாள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை, இருக்க இடம், எல்லாவற்றுக்கும் சொல்லி வைத்துவிட்டாள். சனிக்கிழமை அரை நாள் வேலை. அன்றைக்குக் கிளம்புவது என்று முடிவாயிற்று. கூட்ரோட்டில் பதப்படுத்திய தோல் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும் லாரி ஏதாவது டீக்காக நிற்கும், அதன் தார்ப்பாய்க்குள் வில்லையைச் செருகிவிட வேண்டும். புள்ளி கிழக்கே போகும், தணிகைவேல் புள்ளியின் பின்னால் போவான், அம்சவேணி மேற்கே போவாள்.

சனிக்கிழமை உச்சிவேளைக்கு நல்ல மழை பெய்து ஓய்ந்தது. வேன் வந்து நின்றபோது காலையில் நின்றவள் கரைந்து போயிருந்தாள். அவள் நின்ற இடத்தில் மட்டும் தரை கொஞ்சம் பச்சையாக இருந்தது. துணிப்பையிலிருந்து போன்களை வாங்கிப் பெண்கள் எல்லாரும் உயிர்ப்பித்தார்கள். அந்த நிமிஷத்தில் எந்த போனோ வில்லையைப் பார்த்தது. பிறகு மெஹருன்னிசா தன் போனை அணைத்துவிட்டு, லாரியின் பின்பக்கமாக நடந்து போய் வில்லையைத் தார்ப்பாய்க்குள் செருகினாள். டிரைவர் வயசானவர், அவரிடமும் பட்டன் போன்தான். லாரி கிளம்பிப் போனது. ஓசூர் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்சவேணி நிறுத்தத்தில் நின்றாள். மெஹருன்னிசா எதிர்ப்புறம் டீக்கடையோரம், சந்தேகம் வராமல், காய் வாங்குகிற மாதிரி நின்றாள்.

அவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், ஒன்றைத் தவிர. அந்த வில்லை தான் போகும் இடத்தைச் சொல்லாது. கடைசியாகப் பார்க்கப்பட்ட இடத்தைத்தான் சொல்லும். மழை பெய்த நெடுஞ்சாலையில், பட்டன் போன் வைத்திருந்த டிரைவரோடு, தோல் கட்டுகளுக்கு நடுவே அது முணுமுணுத்துக்கொண்டே போனது, கேட்க யாருமில்லை. தணிகைவேலின் கையில் புள்ளி கூட்ரோட்டிலேயே நின்றது.

மழை என்பதால் கடையை முன்னதாகவே சாத்திவிட்டு அவன் வந்தான். பைக் சத்தம் கேட்டபோதே அவளுக்குத் தெரிந்தது. ஓட இடமில்லை, ஓடினால் நெசம் எது என்று தெரிந்துவிடும், தெரிந்தால் வீட்டுக்கு இழுத்துப் போவான், வீட்டில் அடுப்படி மூலையில் ஒரு பெட்ரோல் கேன் வந்து உட்கார்ந்து நாளாகிறது. அம்சவேணி ரோட்டைப் பார்த்தாள். மேற்கே. கண்ணை இமைக்காமல், மூச்சை மேலே வராமல் அடிவயிற்றில் பிடித்துக்கொண்டு, தன் முந்தானை சரிந்ததைக்கூடச் சரி செய்யாமல், தான் பார்த்த தன்னைப் போலவே அவள் நின்றாள்.

"யாருக்குடி நிக்கற?"

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. வாய்க்குள் உப்புச் சுவை பெருகியது, அவள் விழுங்கினாள். இரண்டாவது அடி, மூன்றாவது அடி. டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மெஹருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அம்சவேணியின் கண் ஒரே ஒரு தரம் அவள் பக்கம் போய், வராதே என்று சொல்லிவிட்டு, திரும்ப ரோட்டுக்குப் போனது. மெஹருன்னிசா அங்கேயே நின்றாள். கையிலிருந்த தக்காளி நசுங்கி விரலிடுக்கில் வழிந்தது. போய்த் தடுத்தால் அவளைக் கொன்றது போலாகும், தடுக்காமல் நின்றாலும் அதுதான். அந்த இரண்டுக்கும் நடுவே அவள் நின்றாள்.

தணிகைவேல் ஹெல்மெட்டைக் கழற்றி அதால் அடித்தான். இடது காதுக்குள் ஒரு மணி அடித்தது, பிறகு அந்தப் பக்கத்து உலகமே அணைந்து போயிற்று. இரண்டாவது தரம் அது தோளில் இறங்கியபோது உள்ளே ஏதோ முறிவது அவளுக்கு மட்டும் கேட்டது. கத்தாதே, என்று தனக்குள் சொன்னாள். கத்தினால் செத்தாய். அவளெல்லாம் நின்றாளே, ரேஷன் கடையில் நின்றாளே, ஆஸ்பத்திரியில் நின்றாளே, நீ நில்.

அவன் கை ஓய்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி, "ஒரு டீ போடுண்ணா" என்றான்.

பாண்டுரங்கன் கிளாஸை எடுத்தவன், அப்படியே நின்றான். அவள் காதிலிருந்து கழுத்து வழியாக இறங்கிய ஒன்று, புடவைக் கரையில் தேங்கி, ஈரத்தரையில் சொட்டியது. சிவப்பாக. இத்தனை மாதத்தில் அந்தத் தரையில் அவன் சிவப்பைப் பார்த்ததில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தணிகைவேலின் முதுகைப் பார்த்தான். பிறகு குவளையில் தண்ணீர் மொண்டு, கடைவாசல் கழுவுகிறவன்போல் ரோட்டைத் தாண்டி வந்து அவள் காலடியில் ஊற்றினான். இன்னொரு குவளை ஊற்றினான். பாதித் தண்ணீர் அவள் பாதத்தில் விழுந்தது. அதற்கு மேல் அவன் ஒன்றும் செய்யவில்லை. போய் டீ போட்டான், சர்க்கரை தூக்கலாக.

ஓசூர் பஸ் வந்தது. "கிருஷ்ணகிரி, ஓசூர், ஓசூர்" என்று கத்தியபடி கண்டக்டர் படியில் தொங்கினார். அவளிலிருந்து நாலு எட்டில் கதவு திறந்திருந்தது. டீ குடித்தபடி தணிகைவேல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நின்றாள். இரண்டு பேர் ஏறினார்கள், ஒருவர் இறங்கினார், விசில் அடித்தது, பஸ் போனது. போகும் பஸ்ஸைக்கூட அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

டீயின் கடைசி வாய்க்கு அவன் போனில் ஒரு சத்தம் வந்தது. எங்கேயோ கிழக்கே, சுங்கச்சாவடியில் வரிசையாக நின்ற கார்களில் ஏதோ ஒரு போன் தோல் லாரியைக் கடந்திருக்க வேண்டும். தணிகைவேல் திரையைப் பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். திரும்பத் திரையைப் பார்த்தான்.

"ரோட்டுல போயிகினு கீறா" என்றான், யாரிடமும் இல்லாமல். "நெசமானவ போயிகினு கீறா." டீக்குக் காசு கொடுக்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்துக் கிழக்கே திருப்பினான். அவன் அந்தப் புள்ளிக்குப் பின்னால் போனது போனதுதான். சென்னையில் தோல் இறங்கி வேறு வண்டியில் ஏறி எந்தெந்த ஊருக்கோ போனது என்றும், வில்லையின் பேட்டரி தீரும்வரைக்கும் அவனும் போயிருப்பான் என்றும் கூட்ரோட்டில் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். சீட் கவர் கடை ஷட்டரில் துரு ஏறியது. அவன் திரும்பி வரவில்லை என்பதை அம்சவேணி வெகுகாலம் நம்பவில்லை.

அடுத்த பஸ் வரும்வரை அவள் அப்படியே நின்றாள், ஏனென்றால் உட்கார்ந்தால் எழ முடியாது. மெஹருன்னிசா ரோட்டைத் தாண்டி ஓடிவந்து அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்தபோது, பெஞ்சில் இருந்தவர்களுக்கு நின்னவள் நடந்து போவது தெரிந்தது. ஒருவர் கையிலிருந்து கிளாஸ் விழுந்தது. யாரும் எழுந்து வரவில்லை. படியேற்றி விட்டு மெஹருன்னிசா ஏதோ சொன்னாள்; அவள் நின்றது இடது பக்கம் என்பதால் அம்சவேணிக்கு அது கேட்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவர், கிளிப்பச்சைப் புடவையைப் பார்த்ததும் முகம் மாறாமல் அவளைத் தாண்டிப் போனார். பின்சீட்டுக்காரர், "இந்தம்மாவுக்குக் குடுக்கலயே?" என்றதற்கு, "அது நரிக்கல் கூட்ரோட்டுல நிக்கற அம்மா சார். அதுக்கு டிக்கெட் வாணாம். அதும்பாட்டுக்கு இருக்கும்" என்றார். அப்படியா என்று கேட்டவர் விட்டுவிட்டார். கந்திலியில் ஏறிய ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு மூட்டைக் கேழ்வரகு. கொஞ்ச தூரம் போனதும் கை வலித்ததோ என்னவோ, கம்பியின்மேல் பையைச் சாய்ப்பதுபோல் அம்சவேணியின் முறிந்த தோளின்மேல் அந்த மூட்டையைச் சாய்த்தாள்.

அவள் வாயைத் திறந்தாள். முதலில் ரத்தம்தான் வந்தது.

"வலிக்குது" என்றாள்.

மூட்டைக்காரி பதறி எழுந்தாள். அம்சவேணி மறுபடியும் சொன்னாள், இன்னும் சத்தமாக, வலிக்குது, பிறகு அது சொல்லாக இல்லாமல் கத்தலாக வந்தது; அந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டுமான கத்தல் அல்ல அது, மழையில் கரைந்தவளுடையது, ரேஷன் கடையில் பின்னால் தள்ளப்பட்டவளுடையது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துபோன அத்தனை சாயங்காலங்களில் கேட்டிருக்க வேண்டியது, ஒன்றின்மேல் ஒன்றாக, நிறுத்த முடியாமல் வந்தது. டிரைவர் யார்மேலோ வண்டியை ஏற்றிவிட்டோம் என்று நினைத்து பிரேக்கை மிதித்தார். நின்றவர்கள் விழுந்தார்கள், குழந்தைகள் வீரிட்டன, எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. மூட்டைக்காரி தன் முந்தானையைச் சுருட்டி அவள் காதில் வைத்து அழுத்தினாள்.

கத்தல் தேய்ந்து விம்மலாகி, விம்மல் மூச்சாகி அடங்கும்வரை பஸ் கிளம்பவில்லை. கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவளருகே வந்தார். விசில் வைத்திருந்த கையைக் கீழே இறக்கினார்.

"எங்கம்மா போவணும்?" என்று கேட்டார்.

"ஓசூரு" என்றாள் அம்சவேணி. "ஒரு டிக்கெட்."